கப்பைக் கிராமாக்கினேன், பண்டம் கெட்டது: பிசகு எங்கே?

"ஒரு கப் எத்தனை கிராம்?" என்று யாராவது கேட்டால், "எந்தக் கப்? எதை அளந்தீர்கள்?" என்று நான் திருப்பிக் கேட்பேன். இடக்காகப் பேசுவதாக நினைப்பார்கள். இடக்கு இல்லை. பள்ளி வாய்பாட்டில் முகத்தலளவைக்கு ஒரு பக்கம், நிறுத்தலளவைக்கு வேறொரு பக்கம் இருந்தது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக அங்கே வழியே கொடுத்திருக்கவில்லை. ஒரே ஆழாக்கில் அவலைப் போட்டால் ஓர் எடை, உப்பைப் போட்டால் பல மடங்கு எடை. நடுவில் நிற்பது பண்டத்தின் அடர்த்தி. அதை மறந்துவிட்டுக் கணக்குப் போடுவதால்தான் அடுப்படியில் இத்தனை சேதாரம்.

கீழே ஒவ்வொரு தலைப்பும் ஓர் அறிகுறி. உங்கள் பண்டம் எப்படிக் கெட்டதோ அதைப் பார்த்துக்கொண்டு அங்கே போகலாம். ஆனால் எதைத் தொடங்கினாலும் முதலில் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள்: காலிக் கப்பைத் தராசில் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்கி, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றுங்கள். தராசு காட்டும் கிராம்தான் உங்கள் கப்பின் மில்லிலிட்டர். அமெரிக்கக் குறிப்புகளில் வரும் கப் சுமார் 240 மி.லி.; ஆஸ்திரேலியாவில் 250; ஜப்பானில் 200. வீட்டு எவர்சில்வர் டம்ளருக்கு எந்த நாட்டுச் சட்டமும் பொருந்தாது. என் வீட்டில் "1 கப்" என்று அச்சிட்ட பிளாஸ்டிக் குவளை ஒன்று 228 காட்டியது. இரண்டு வருடம் அதை நம்பி இருந்தேன்.

கேக் செங்கல் மாதிரி வந்தது

இங்கே பத்தில் ஒன்பது பேர் செய்திருப்பது ஒரே தவறு: "கப் என்றால் 250 மி.லி., ஆகவே 250 கிராம்." தண்ணீருக்கு இது சரி. மைதாவுக்குச் சரியில்லை. 240 மி.லி. கப்பில் மைதா ஏறக்குறைய 120 முதல் 125 கிராம்தான் பிடிக்கும்.

குறிப்பில் மைதா ஒன்றரைக் கப், சர்க்கரை ஒரு கப், வெண்ணெய் அரைக் கப் என்று இருக்கிறது என்று வையுங்கள். எல்லாவற்றையும் 250 ஆல் பெருக்கினால் மைதா 375, சர்க்கரை 250, வெண்ணெய் 125 கிராம் ஆகும். உண்மையில் வேண்டியது மைதா 180 முதல் 190, சர்க்கரை 200, வெண்ணெய் 113. சர்க்கரையும் வெண்ணெயும் கொஞ்சம்தான் விலகின. மைதா மட்டும் இரட்டிப்பாகிவிட்டது. இனிப்பு ஓரளவுக்கு இருந்து, கத்தி மட்டும் இறங்காத கேக் என்றால் இந்தத் தவறுதான். கோக்கோ சேர்த்த கேக்கில் இது இன்னும் மோசம். அரைக் கப் கோக்கோ 42 கிராம் அளவுதான். 125 கிராம் கொட்டினால் அந்தக் கசப்பை எந்தச் சர்க்கரையும் மூடாது.

செங்கல் அளவுக்கு இல்லை, மேலே வெடித்து உள்ளே வறண்டு உதிர்கிறது என்றால் கணக்கு சரி, கை தவறு. ஒரு நாள் ஒரே டப்பா மைதாவை ஒரே 240 மி.லி. கப்பில் நான்கு விதமாக எடுத்து நிறுத்துப் பார்த்தேன். சலித்துவிட்டுக் கரண்டியால் மெல்லப் போட்டுத் தலை தட்டியபோது 112 கிராம். சலிக்காமல், கரண்டியால் போட்டுத் தலை தட்டியபோது 123. கப்பையே டப்பாவுக்குள் விட்டு அள்ளித் தலை தட்டியபோது 144. அள்ளி, மேடையில் இரண்டு தட்டுத் தட்டி, குறைந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் போட்டபோது 159. நான்கும் "ஒரு கப் மைதா". குறிப்பு எழுதியவர் எப்படி அளந்தார் என்று தெரியாவிட்டால் 125 என்று தொடங்குங்கள். மாவு தளர்வாக இருந்தால் பிறகு ஒரு கரண்டி சேர்த்துக்கொள்ளலாம். போட்டதை எடுக்க முடியாது.

வாக்கியத்தின் வரிசையையும் கவனியுங்கள். "சலித்த மைதா ஒரு கப்" என்றால் சலித்த பிறகு அளந்தது. "மைதா ஒரு கப், சலித்துக்கொள்ளவும்" என்றால் அளந்த பிறகு சலித்தது. மேலே பார்த்த 112-க்கும் 123-க்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

மைசூர்பாகு கடலைமாவு பர்பி போல இறுகிவிட்டது

வீட்டில் சொல்லும் கணக்கு: மாவு ஒன்று, சர்க்கரை இரண்டு, நெய் இரண்டு. இது கப் கணக்கு. தராசு வாங்கிய உற்சாகத்தில் நான் 100 கிராம் கடலைமாவு, 200 கிராம் சர்க்கரை, 200 கிராம் நெய் என்று நிறுத்துவிட்டேன். விகிதம் அதேதானே என்று நினைத்தேன். கிளறும்போதே கரண்டி இழுத்தது. நுரைத்துப் பொங்கவே இல்லை. ஆறியதும் துண்டு போட வந்தது, ஆனால் வாயில் போட்டால் மாவு மேலண்ணத்தில் ஒட்டியது.

விகிதம் அதே இல்லை. சலித்த கடலைமாவு ஒரு கப் சுமார் 100 கிராம். சர்க்கரை ஒரு கப் 200. உருகிய நெய் ஒரு கப் 218. ஆக, கப்பில் 1:2:2 என்பது தராசில் 100 : 400 : 436. ஒன்றுக்கு நான்கு, நான்குக்குச் சற்று மேல். நான் போட்ட சர்க்கரை பாதி, நெய் பாதிக்கும் குறைவு. அதற்குப் பிறகும் அது பர்பியாகவாவது வந்ததற்கு நன்றி சொல்ல வேண்டும்.

விகிதத்தை ஒருபோதும் அப்படியே தராசுக்குத் தூக்கிப் போகாதீர்கள். முதலில் ஒவ்வொன்றையும் தனியாகக் கிராமாக்குங்கள், பிறகுதான் விகிதம்.

அதிரசம் எண்ணெயில் விரிந்து கரைந்தது

வெல்லம் கூடிவிட்டது என்று எந்தப் பாட்டியும் சொல்லிவிடுவார். ஏன் கூடியது என்பதுதான் கேள்வி. எனக்கு இது பெரியம்மா வீட்டுப் பழைய நோட்டிலிருந்து வந்த வினை. பச்சரிசி ஒரு படி, வெல்லம் முக்கால் வீசை என்று பென்சிலில் எழுதியிருந்தது.

பழைய குறிப்புகளின் சூட்சுமம் இது: தானியத்தை முகந்து அளந்தார்கள், வெல்லம், புளி, மிளகாய் வற்றலை நிறுத்தார்கள். ஒரே வரியில் இரண்டு அளவையும் கலந்திருக்கும். வீசை என்றால் 40 பலம், சுமார் 1.4 கிலோ, ஆக முக்கால் வீசை 1,050 கிராம். அதை நான் சரியாகவே கண்டுபிடித்தேன். படியைத்தான் ஏறக்குறைய ஒரு லிட்டர் என்று கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொண்டேன். கால் பங்கு அளவில் செய்தேன்: கால் லிட்டர் அரிசி, அதாவது 207 கிராம், வெல்லம் 262 கிராம். முதல் அதிரசம் சட்டியில் விழுந்து, அடை போல விரிந்து, நடுவில் ஓட்டை விழுந்து, கடைசியில் எண்ணெய்க்கு அடியில் கருப்பு வண்டலாக உட்கார்ந்தது.

"எந்தப் படியால் அளந்தாய்?" என்றார் பெரியம்மா.

"லிட்டர் கணக்குதான், பெரியம்மா."

அவர் ஒன்றும் சொல்லாமல் பரணிலிருந்து பித்தளை ஆழாக்கை இறக்கி வைத்தார். தண்ணீர் ஊற்றி நிறுத்தேன்: 205. எட்டு ஆழாக்கு ஒரு படி. அப்படியானால் அந்த வீட்டுப் படி 1.64 லிட்டர். அதில் பச்சரிசி ஏறக்குறைய 1,360 கிராம் பிடிக்கும். அதற்கு 1,050 கிராம் வெல்லம் என்றால், இன்று எல்லோரும் சொல்லும் "கிலோ அரிசிக்கு முக்கால் கிலோ வெல்லம்" என்பதோடு சரியாக ஒத்துப்போகிறது. நோட்டில் தவறே இல்லை.

உங்கள் வீட்டு ஆழாக்கும் 205 காட்டும் என்று நம்பிவிடாதீர்கள். படி ஊருக்கு ஊர் வேறு. ஆழாக்கு 168 மி.லி. என்று கணக்குச் சொல்பவர்களும் உண்டு. 1956-இல் சட்டம் வந்து, 1958 முதல் மெட்ரிக் அளவு படிப்படியாக நடைமுறைக்கு வந்த பிறகும் வீட்டுப் பாத்திரங்கள் மாறவில்லை. யாழ்ப்பாணத்து நோட்டு என்றால் படிக்குப் பதில் சுண்டு, கொத்து, பால்பேணி என்று வரும். பாத்திரம் கையில் இருந்தால் தண்ணீர் ஊற்றி நிறுத்துவது ஒன்றே வழி. இல்லாவிட்டால் அதே நோட்டில் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த வேறொரு பண்டத்தின் அளவைப் பார்த்து, அதிலிருந்து படியின் அளவைப் பின்னோக்கிக் கணக்கிடலாம்.

நோட்டு பழையதில்லை, "வெல்லம் ஒரு கப்" என்றே இருந்தது, அப்படியும் கரைந்தது என்றால் கட்டியைப் பாருங்கள். உடைத்த கட்டியாகப் போட்டால் இடையில் காற்று. 130 கிராம்கூட வரலாம். துருவி அழுத்தினால் 200 பக்கம் போய்விடும். வெல்லத்தைக் கப்பில் அளப்பதே வீண் வேலை. பெரியவர்கள் அதை நிறுத்தது சும்மா இல்லை.

இட்லி பிசின் மாதிரி ஒட்டுகிறது

அரிசி நான்கு, உளுந்து ஒன்று. இது கப்பிலும் சரி, கிராமிலும் சரி, பெரிதாக மாறாது. இட்லி அரிசியும் முழு உளுந்தும் ஏறக்குறைய ஒரே அடர்த்தி, 240 மி.லி. கப்பில் இரண்டும் 200 கிராமை ஒட்டியே நிற்கும். இந்த அதிர்ஷ்டத்தால் இட்லிக்காரர்கள் யாரும் மாட்டிக்கொள்வதில்லை, அவல் சேர்க்கும் வரை.

அரைக் கப் கெட்டி அவல் 40 முதல் 50 கிராம்தான். அரிசி கப்புக்கு 200 என்ற பழக்கத்தில் அவலையும் 100 கிராம் போட்டுவிட்டால் மாவு பசையாகி இட்லி துணியில் ஒட்டிக்கொண்டு வராது. வெந்தயத்திலும் இப்படித்தான் கை நழுவும்: ஒரு தேக்கரண்டி நான்கு கிராமுக்குள். "கொஞ்சம்" என்று 15 கிராம் நிறுத்தால் கொழகொழப்பும் கசப்பும் சேர்ந்து வரும்.

முறுக்கு எண்ணெயில் பிரிகிறது, அல்லது பல்லை உடைக்கிறது

பிரிந்தால் வெண்ணெய் அதிகம். தலை தட்டிய ஒரு மேசைக்கரண்டி வெண்ணெய் 14 கிராம். குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்த கட்டியைக் கரண்டியில் யார் தலை தட்டுகிறார்கள்? எலுமிச்சை அளவு குவிந்து நிற்கும்; நிறுத்தால் 30-ஐத் தாண்டும். வெண்ணெய்க்குக் கரண்டியை மறந்துவிடுங்கள்.

பல்லை உடைத்தால் கதை வேறு, இங்கே தராசே ஏமாற்றும். பாக்கெட் அரிசி மாவு காய்ந்தது. வீட்டில் அரிசியை ஊறவைத்து, வடித்து, இடித்த ஈர மாவில் தண்ணீரும் சேர்ந்தே எடை. ஊறிய பச்சரிசி கால் பங்குக்கு மேல் கனம் கூடியிருக்கும். ஆகவே ஈர மாவு அரை கிலோ என்று எழுதிய குறிப்புக்குப் பாக்கெட் மாவு அரை கிலோ போட்டால் அரிசி கூடி, உளுந்து மாவும் வெண்ணெயும் விகிதத்தில் இறங்கிவிடும். கடினமாகாமல் என்ன செய்யும்? ஊறவைக்கும் முன் காய்ந்த அரிசியின் எடை எவ்வளவு என்பதைத்தான் நோட்டில் எழுத வேண்டும். பருப்புக்கும் இதே விதி. "வேகவைத்த துவரம்பருப்பு ஒரு கப்" என்பதைப் பச்சைப் பருப்பு 200 கிராம் என்று மாற்றினால் அன்றைய சாம்பாரில் கரண்டி நட்டுக்கொண்டு நிற்கும்.

மின்சாரக் குக்கரில் சோறு விறைத்தே இருக்கிறது

குக்கரோடு வந்த குவளை 180 மி.லி. அதில் அரிசி சுமார் 150 கிராம். உள்பாத்திரத்தில் இருக்கும் 2, 3 என்ற கோடுகள் அந்தக் குவளைக்கு உரியவை. 240 மி.லி. கப்பில் மூன்று கப் அரிசி போட்டுவிட்டு 3 என்ற கோடு வரை தண்ணீர் விட்டால் நான்கு பேர் அரிசிக்கு மூன்று பேர் தண்ணீர். குவளை தொலைந்துவிட்டதா? கோட்டுக்கு 150 கிராம் என்று நிறுத்துப் போடுங்கள். கோடு வெள்ளை அரிசிக்கான கணக்கு. நம் புழுங்கலரிசிக்கு இன்னும் கொஞ்சம் தண்ணீர் கேட்கும்.

சாம்பார் பொடியில் மல்லி வாசனை மட்டும் தூக்கலாக இருக்கிறது

மல்லி விதை உருண்டையான வெற்றுக் கூடு. ஒரு கப் 80 கிராம்தான். பருப்பு மாதிரி 200 என்று எடுத்துக்கொண்டவர்கள்தான் இப்படிப் பொடி அரைத்து வைத்துக்கொண்டு ஆறு மாதம் தவிக்கிறார்கள். மிளகாய் வற்றலைக் கப்பில் அளக்கச் சொல்லும் குறிப்பு எதையும் நான் நம்புவதில்லை. கெட்டுப்போன பொடியை எறிய வேண்டாம். துவரம்பருப்பும் மிளகாயும் தனியே வறுத்து அரைத்து அதில் கலந்துகொள்ளலாம்.

உப்பு கரிக்கிறது

தூள் உப்பு ஒரு தேக்கரண்டி சுமார் 6 கிராம். கல் உப்பில் இடைவெளி அதிகம் என்பதால் அதே கரண்டியில் எடை குறையும். கல் உப்புக்காக எழுதியதைத் தூள் உப்பால் அப்படியே மாற்றினால் கரிக்கும். அமெரிக்கக் குறிப்பில் "கோஷர் உப்பு" என்று இருந்தால் இன்னும் எச்சரிக்கை தேவை. அதில் ஒரு வகை தேக்கரண்டிக்கு 3 கிராம்கூட வராது. ஊறுகாய் போடுகிறவர்கள் இதை நிறுத்தே போடுவது நல்லது. இன்னொன்று: ஆஸ்திரேலியாவில் இருக்கும் உறவினர் அனுப்பிய குறிப்பு என்றால் அங்கே மேசைக்கரண்டி 20 மி.லி.; நமக்கு 15.

எல்லாம் சரியாக நிறுத்தேன், அப்படியும் வரவில்லை

அப்படியானால் தராசைச் சந்தேகப்படுங்கள். பிரிக்காத அரை லிட்டர் பால் பாக்கெட்டை வையுங்கள். பால் தண்ணீரைவிடச் சற்றுக் கனம், ஆகவே உறையோடு 515 முதல் 520 கிராம் காட்ட வேண்டும். சிறிய எடைக்கு, பதின்மூன்று பத்து ரூபாய் நாணயங்கள் சேர்ந்தால் ஏறக்குறைய 100 கிராம். இரண்டிலும் ஒரே பக்கம் விலகினால் பேட்டரியை மாற்றுங்கள், மேடை சமமாக இருக்கிறதா என்று பாருங்கள், மின்விசிறியை அணையுங்கள். அகலத் தட்டின் மேல் காற்று அடித்தால் எண் தள்ளாடிக்கொண்டே இருக்கும்.

ஈஸ்ட், சோடா உப்பு போன்றவற்றைச் சிட்டிகை சிட்டிகையாகத் தராசில் தூவினால் எண் நகராமலே இருக்கும். பல தராசுகள் மிகச் சிறிய மாற்றத்தை நடுக்கம் என்று கருதித் தாமே பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். நீங்கள் "இன்னும் வரவில்லையே" என்று தூவிக்கொண்டே இருப்பீர்கள். தனிக் கிண்ணத்தில் எடுத்து, கிண்ணத்தோடு தூக்கி வையுங்கள். 5 கிராமுக்குக் குறைந்ததற்குச் சமையல் தராசைவிட அளவுக் கரண்டியே நம்பகமானது. ஆப்பசோடா ஒரு தேக்கரண்டி 4.6 கிராம், அதைக் கிராமாக்கி என்ன கண்டோம்?

எண்ணெய் மட்டும் எப்போதும் கூடிப்போகிறதா? தராசு "மி.லி." நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். அது எதை ஊற்றினாலும் தண்ணீர் என்றே நினைக்கும். அதில் 240 காட்டும் வரை எண்ணெய் ஊற்றினால் உண்மையில் 264 மி.லி. போய்விடும். சந்தேகம் இருந்தால் எண்ணெய் பாக்கெட்டையே திருப்பிப் பாருங்கள்: 1 லிட்டர், 910 கிராம் என்று இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் அச்சாகியிருக்கும். அவுன்ஸும் இதே மாதிரி இரட்டை வேடம். தேன் 8 அவுன்ஸ் என்றால் எடையில் 227 கிராம், திரவ அவுன்ஸில் 340 கிராம். குறிப்பின் மற்ற திரவங்கள் கப்பில் இருந்தால் இதுவும் திரவ அவுன்ஸாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

இப்போது என் வீட்டில் ஒவ்வொரு டப்பாவின் மூடிக்குள்ளும் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருக்கிறது: "மைதா 123", "ரவை 170", "கடலைமாவு, சலித்தது, 100". எல்லாம் என் கப்பில், என் கையால் மூன்று முறை போட்டு எடுத்த சராசரி. உங்கள் மூடியில் வேறு எண் வரலாம், அதையே எழுதுங்கள். பெருங்காயம், கறிவேப்பிலை, தாளிக்கும் கடுகு இவற்றுக்கு மட்டும் நான் எதுவும் ஒட்டவில்லை. நிறுத்துப் பார்க்க ஒருமுறை கடுகை எடுத்தேன். அதற்குள் எண்ணெய் புகைந்துவிட்டது.